பிள்ளைகளோடு ஜப்பானுக்குக் குடியேறியவர்களுக்கு: சிறாரைக் குறிவைக்கும் பாலியல் வணிகத்தை எதிர்கொள்வது எப்படி

தோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் வீடு எடுத்துக் குடியேறுகிறவர்கள் முதல் வாரத்திலேயே வியந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. ஆறு வயதுப் பிள்ளை முதுகில் ராண்டோசெரு பையை மாட்டிக்கொண்டு தனியாக ரயிலேறிப் பள்ளிக்குப் போகும், கூட ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஊரில் தெருமுனைக் கடைக்கு அனுப்பவே யோசித்த நாம், கொஞ்ச நாளிலேயே "இங்கே என்ன பயம், ஜப்பான்தானே" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவோம். தெருவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் இங்கே பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் காசு கொடுத்துப் பயன்படுத்தும் ஆட்கள் யாரும் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. கைப்பேசி வழியாக வருகிறார்கள், பொறுமையாகப் பேச்சுக் கொடுக்கிறார்கள், வீட்டில் யாரும் கேட்காததைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், அப்புறம் கொஞ்சம் பணமோ ஒரு ராத்திரி தங்க இடமோ தருகிறார்கள். பிள்ளை தன் காலாலேயே நடந்து போய்விடுகிறது. அதனால் வாசல் பூட்டைவிட, பிள்ளை நம்மிடம் வாய்திறந்து பேசுமா என்பதுதான் இங்கே முக்கியம். கீழே எழுதியிருப்பது எல்லாம் அதை மனதில் வைத்துத்தான். பெண் பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்துப் பையன் வைத்திருப்பவர்கள் தாண்டிப் போய்விட வேண்டாம்.

1. முதலில் வயதுக் கணக்கு

"ஜப்பானில் 13 வயசு ஆனாலே சட்டப்படி சரியாமே" என்று நண்பர்கள் கூடும் இடத்தில் யாராவது ஒருவர் சொல்லுவார். அது பழைய கதை. 1907ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்திலிருந்து வந்த அந்த 13, 2023 ஜூலை 13 முதல் 16 ஆகிவிட்டது. 13 முதல் 15 வயது வரை உள்ளவரிடம் அவரைவிட ஐந்து வயதோ அதற்கு மேலோ மூத்தவர் உறவு கொண்டால், சம்மதம் இருந்தது என்ற பேச்சே எடுபடாது. 13க்குக் கீழே என்றால் எதிராளி எந்த வயதாக இருந்தாலும் குற்றம். பழைய சட்டம் இருந்த காலத்திலும், 18 நிரம்பாதவரோடு பெரியவர்கள் பாலியல் ரீதியாக நடந்துகொள்வதைத் தடுக்கும் ஆணைகள் மாகாணங்களில் இருந்தன. நாகானோ மட்டும் நீண்ட காலம் இழுத்தடித்து 2016இல்தான் கொண்டுவந்தது.

பணம் நுழைந்துவிட்டால் எல்லை 18. இதற்கென்றே 1999இல் தனிச் சட்டம் வந்தது. 18 நிரம்பாத ஒருவருக்குப் பணமோ பொருளோ வேறு ஏதாவது பலனோ கொடுத்து, அல்லது கொடுப்பதாகச் சொல்லி, உறவு கொண்டால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம். பிள்ளையை அப்படிப்பட்ட செயலில் ஈடுபடுத்துகிறவர் மீது சிறார் நலச் சட்டமும் பாயும், அதில் பத்து ஆண்டு வரை உண்டு. சிறாரின் ஆபாசப் படங்களைத் தன் ஆசைக்காக வைத்திருப்பது 2014 திருத்தத்துக்குப் பிறகுதான் குற்றமானது, அதற்குத் தண்டனை கொடுக்கத் தொடங்கியது 2015 ஜூலையில். வரைந்த படங்கள் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அதனால்தான் சில புத்தகக் கடை அலமாரிகளைப் பார்த்து நமக்குத் தூக்கிவாரிப்போடும். அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 1999 சட்டத்தில் தண்டனை, காசு கொடுத்து வருகிறவருக்கும் தரகருக்கும்தான், பிள்ளைக்கு இல்லை. "நீயும்தான் பணம் வாங்கினாய், வெளியே சொன்னால் உன்னைத்தான் பிடிப்பார்கள்" என்ற மிரட்டலை நம்பியே பல பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய்மூடிக் கிடக்கிறார்கள்.

2. எந்த வழியாக வருகிறார்கள்

முதல் வழி கைப்பேசி. சமூக வலைத்தளத்தில் அறிமுகமான ஆட்களால் குற்றத்துக்கு ஆளான 18 வயதுக்குட்பட்டவர்களைக் காவல்துறை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2019இல் 2,082 பேர், 2023இல் 1,665 பேர். குறைந்திருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், இது போலீசுக்குத் தெரியவந்த கணக்கு மட்டும்தான்.

எண்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2015இல் ஜப்பானுக்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர், பள்ளி மாணவிகளில் 13 சதவீதம் பேர் பணத்துக்காக ஆண்களைச் சந்திக்கிறார்கள் என்று சொல்லி, ஆதாரம் எங்கே என்று அரசாங்கம் கேட்டதும் அதிகாரபூர்வமான கணக்கு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்த 13 சதவீதம் இன்னும் வாட்சாப்பில் சுற்றுகிறது. வந்தால் கடத்தாதீர்கள். இங்குள்ள பள்ளிப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் என்ற மாதிரி ஓர் இளக்காரம் அதில் இருக்கிறது, அந்த இளக்காரம்தான் பாதிக்கப்பட்ட பிள்ளையை முதலில் கொல்கிறது.

பேச்சு எப்படி நகரும் என்று பாருங்கள். பிள்ளை எக்ஸ் தளத்தில் தான் வரைந்த ஓர் அனிமே படத்தைப் போடுகிறது. "அருமையாக வரைகிறாயே, எந்த வகுப்பு?" என்று ஒருவர் எழுதுகிறார். அவர் முகப்பில் பூனைக்குட்டி படம், வயது 19 என்று போட்டிருக்கிறது. பத்து நாள் படங்களைப் பற்றி மட்டுமே பேச்சு. அப்புறம் லைனுக்கு, அதாவது இங்கே எல்லாரும் வைத்திருக்கும் அரட்டைச் செயலிக்கு, வரச் சொல்கிறார். அம்மாவோடு சண்டை என்று பிள்ளை எழுதினால், அடுத்த நிமிடமே ஆறுதல் வருகிறது, அதுவும் இரவு ஒரு மணிக்கு. பேபே என்ற பணச் செயலியில் பிள்ளையின் கணக்குக்கு ஆயிரம் யென் அனுப்பி "வண்ணப் பென்சில் வாங்கிக்கொள்" என்கிறார். அதன் பிறகு ஒருநாள், "முகம் தெரியாமல் ஒரு படம் அனுப்பேன், நானும் என்னுடையதை அனுப்புகிறேன்." அனுப்பிய அரைமணி நேரத்தில் குரல் மாறுகிறது: "இன்னும் அனுப்பு, இல்லையென்றால் உன் பள்ளிக்கு அனுப்பிவிடுவேன்." இதில் எந்த இடத்திலும் பிள்ளை வீட்டை விட்டு வெளியே போகவில்லை, பக்கத்து அறையில்தான் இருந்தது. படம் அனுப்பச் சொல்வதே குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 16 வயது நிரம்பாதவரிடம் இப்படிக் கேட்பதும், பணம் காட்டியோ ஏமாற்றியோ நேரில் வா என்று நச்சரிப்பதும் 2023 திருத்தத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டன. தோக்கியோவின் ஆணை 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் இதை 2018லேயே கொண்டுவந்துவிட்டது.

இரண்டாவது வழி வேலை. உயர்நிலைப் பள்ளி மாணவிகளை 'ஜே.கே' என்பார்கள். அவர்களை வைத்து 'கூட நடப்பது', 'கால் பிடித்துவிடுவது', 'பேசிக்கொண்டிருப்பது' என்று கடை நடத்துவதுதான் ஜே.கே. பிசினஸ். வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், உள்ளே 'கூடுதல் சேவை'க்குத் தனி விலை. 2017 ஜூலை முதல் தோக்கியோவில் இந்த மாதிரிக் கடைகளில் 18 நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கத் தடை. அதன் பிறகு வேறு பெயர்ப் பலகைகள் முளைத்தன. எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய முடியாது, வேண்டியதும் இல்லை. தொழிலாளர் சட்டப்படி 18 நிரம்பாதவர் இரவு 10 மணி முதல் காலை 5 வரை வேலை செய்யக் கூடாது. அதனால் 10 மணிக்கு மேல் வேலை, அடையாள அட்டை பார்க்க மாட்டோம், சம்பளம் அன்றன்றைக்குக் கையில், மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு என்று எதைப் பார்த்தாலும் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். கூடவே இன்னொன்று: குடும்ப விசாவில் இருக்கும் பிள்ளை எந்தப் பகுதிநேர வேலைக்கும் குடிவரவுத் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், அதுவும் வாரத்துக்கு 28 மணி நேரம் வரைதான். அனுமதி இருக்கிறதா என்று கேட்காமலே வேலை தரும் கடை, பின்னால் அதையே வைத்து மிரட்டும்.

மூன்றாவது, போக்கிடம் இல்லாத பிள்ளைகள் கூடும் இடங்கள். ஷின்ஜுகுவின் கபுகிச்சோவில் கூரை மேல் கோட்ஸில்லா தலை எட்டிப் பார்க்கும் தோஹோ கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்துக்குத் 'தோயோகோ' என்று பெயர். ஒசாகாவில் தோத்தோன்போரி கிளிகோ விளம்பரத்துக்குக் கீழே உள்ள 'குரிஷிதா'வும் அதே மாதிரிதான். பகலில் போனால் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். இரவில் பாருங்கள்: கறுப்பும் ரோஜா நிறமுமாகச் சரிகை வைத்த உடுப்பு, பையில் தொங்கும் பொம்மை, கீழே உட்கார்ந்திருக்கும் பதினான்கு பதினைந்து வயசுப் பிள்ளைகள், பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி, காலடியில் மருந்துக் கடையில் வாங்கிப் போதைக்காக விழுங்கிய இருமல் மாத்திரையின் காலி அட்டைகள். பலர் வீட்டில் அடியோ அதைவிட மோசமானதோ தாங்காமல் வந்தவர்கள். ராத்திரி தங்க இடம் தருகிறேன் என்று வரும் ஆண்களை அவர்கள் வலைத்தளத்தில் 'கடவுள்' என்று அழைக்கிறார்கள், கேட்கவே வயிறு கலங்குகிறது. பக்கத்து ஹோஸ்ட் கிளப்களில் (பெண் வாடிக்கையாளரோடு ஆண்கள் உட்கார்ந்து பேசிக் குடிக்கவைக்கும் கடைகள்) இளம்பெண்கள் மேல் கடன் ஏற்றி, அந்தக் கடனை அடைக்க உடலை விற்க வைப்பது பெரிய பிரச்சினையாகி, 2025இல் அதற்கெதிராகச் சட்டத்தையே திருத்தினார்கள். 'நம்ம பிள்ளை அங்கெல்லாம் ஏன் போகப்போகிறது' என்கிறீர்களா? மொழி தெரியாமல் வகுப்பில் ஒரு வருஷம் ஊமையாக உட்கார்ந்திருந்து, வீட்டில் மதிப்பெண் மட்டுமே கேட்கப்படும் பதினைந்து வயசுப் பிள்ளைக்கு, 'நீ எங்க ஆளு' என்று சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும் இனிக்கும்.

நான்காவது, கேமரா. ஷிபுயாவிலோ ஹராஜுகுவிலோ "மாடலாக வருகிறாயா" என்று விசிட்டிங் கார்டு நீட்டுவார்கள். உண்மையான நிறுவனங்களும் இப்படி ஆள் தேடுவது உண்டு, அதனால்தான் பிரித்தறிவது கஷ்டம். பெரிய நிறுவனம் என்பதற்காக மட்டும் நம்பிவிட முடியாது. நாட்டின் புகழ்பெற்ற பையன்கள் பாட்டுக் குழுக்களை உருவாக்கிய ஜானி கிதாகாவா பல பத்தாண்டுகள் சிறுவர்களிடம் அத்துமீறினார் என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது 2023 செப்டம்பரில், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து. ஒப்பந்தத்தில் கையெழுத்து, நீச்சலுடைப் படம், பெற்றோர் வராத இடத்தில் 'சோதனைப் படப்பிடிப்பு' என்று எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். 2022 ஏப்ரலில் ஜப்பானில் வயது வந்தவர் எல்லை 20இலிருந்து 18க்கு இறங்கியதால், 18 முடிந்த பிள்ளை தானே ஒப்பந்தம் போடலாம், பெற்றோர் அதை ரத்துசெய்ய முடியாது. ஆபாசப் படத் துறை அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்று கூச்சல் எழுந்து, அதே ஆண்டு ஜூனில் தனிச் சட்டம் வந்தது. ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம் ஆகாமல் படம்பிடிக்கக் கூடாது, எடுத்து நான்கு மாதம் ஆகாமல் வெளியிடக் கூடாது, வெளியான பிறகும் ஓராண்டு வரை காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

3. கைப்பேசியைக் கையில் கொடுக்கும் முன்

சட்டப்படி கைப்பேசிக் கடை, பயன்படுத்துபவர் 18 நிரம்பாதவரா என்று கேட்டு, தீய தளங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பயன்படுத்தப்போவது சிறார் என்று சொல்வது பெற்றோரின் பொறுப்பு. நம் வீடுகளில் நடப்பது என்னவென்றால், அப்பா பெயரில் மலிவு சிம், அப்பாவின் பழைய ஐபோன், வீட்டு வைஃபை. கடைக்காரருக்குப் பிள்ளை இருப்பதே தெரியாது, வடிகட்டியும் இருக்காது. லைனில் 18 நிரம்பாதவர்களுக்கு முன்பின் தெரியாதவர்களை ஐ.டி. போட்டுத் தேடும் வசதி மூடியிருக்கும், ஆனால் இணைப்பு பெரியவர் பெயரில் இருந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஆகவே சிம் எடுக்கும்போதே "கொதொமோ கா த்சுகாய்மாஸ்", அதாவது பிள்ளை பயன்படுத்தப்போகிறது, என்று சொல்லி, பயன்படுத்துபவராகப் பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

கைப்பேசியிலேயே உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டையும் போடுங்கள், ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் செயலி வைக்காதீர்கள். ஒருநாள் தெரிந்துவிடும், அதற்கப்புறம் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது. விளையாட்டுச் செயலிகளில் குரல் அரட்டை இருக்கிறதா என்று பாருங்கள், சின்னப் பையன்களை அங்கேதான் பிடிக்கிறார்கள். ராத்திரி கைப்பேசி சார்ஜ் ஆவது கூடத்தில்தான் என்று ஒரே ஒரு விதி வையுங்கள், அது உங்களுக்கும் சேர்த்து.

4. கவனிக்க வேண்டியவை

கணக்கில் வராத பணம், புதுப் பை, விலையுயர்ந்த ஒப்பனைச் சாமான் எல்லாரும் கவனிப்பதுதான். அதைவிட, தெரியாத பெயரில் பேபே பணம் வருவது, இரண்டாவது கைப்பேசி அல்லது இரண்டாவது எக்ஸ் கணக்கு, பள்ளிக்குப் போகாமல் சீருடையில் மட்டும் கிளம்புவது, இருமல் மாத்திரை அட்டைகள், கையில் கீறல்கள், தன் படத்தை யாரும் எடுக்கக் கூடாது என்று திடீரென்று அலறுவது போன்றவற்றைப் பாருங்கள். ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் பேச உட்காருங்கள், விசாரணை மாதிரி வேண்டாம்.

பள்ளியில் உள்ள உடல்நல அறையை, ஹொகென்ஷிட்சு என்பார்கள், மறக்காதீர்கள். தலைவலி என்று சொல்லி அங்கே போய்ப் படுக்கும் பிள்ளைகள் வகுப்பாசிரியரிடம் சொல்லாததை அந்த அறை ஆசிரியையிடம் சொல்வார்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் அவரையும் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாருங்கள். அடிக்கடி வயிற்றுவலி என்று வருகிறது என்று முதலில் உங்களுக்குச் சொல்லப்போகிறவர் அவர்தான்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் கட்டாயக் கல்விச் சட்டம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாகப் பொருந்தாது. 2019இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இருக்கலாம் என்று தெரியவந்தது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளை காணாமல் போனால் யார் தேடுவார்கள்? 2025இல் தோக்கியோவில் ஒரு மசாஜ் கடையில் 12 வயதுத் தாய்லாந்துச் சிறுமி வேலைக்கு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்து நாடே அதிர்ந்தது. அந்தப் பிள்ளை தானே குடிவரவு அலுவலகத்துக்குப் போய் உதவி கேட்டதால்தான் விஷயம் வெளிவந்தது. உங்கள் அடுக்ககத்தில் பள்ளி நேரத்தில் வீட்டிலேயே இருக்கும், அல்லது இரவில் மட்டும் கிளம்பும் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அடுத்த பகுதியில் உள்ள 189 என்ற எண் அதற்கும் சேர்த்துத்தான்.

5. எண்கள்

இன்றைக்கே பிள்ளையின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் பதிந்துவிடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 110, அவசரமில்லாத காவல்துறை ஆலோசனைக்கு #9110. பாலியல் குற்றத்துக்கென்று காவல்துறையின் தனி எண் #8103. சிறார் ஆலோசனை மையத்துக்கு 189, நம் ஊர் 1098 மாதிரி, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், பெயர் சொல்ல வேண்டாம், சந்தேகம் இருந்தால் போதும், நிரூபிக்க வேண்டியது உங்கள் வேலை இல்லை. #8891 பாலியல் வன்முறைக்கான ஒற்றைச் சாளர மையம், எல்லா மாகாணத்திலும் உண்டு, மருத்துவம், ஆலோசனை, வக்கீல் என்று ஒரே இடத்தில் வழிகாட்டுவார்கள். பிள்ளை தானே பேச 0120-0-78310. போனில் பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு 'கியூர் டைம்' என்ற அரசு சாட் இருக்கிறது, தமிழ் கிடையாது, ஆங்கிலம் உண்டு.

போனை எடுத்ததும் சரளமான ஜப்பானிய மொழி கொட்டும், பயந்து வைத்துவிடாதீர்கள். "கொதொமோ நோ கொதோ தே சோதான் ஷிதாய் தெஸ்" (பிள்ளை விஷயமாக ஆலோசனை வேண்டும்), "த்சூயாகு ஓ ஒனெகாய் ஷிமாஸ்" (மொழிபெயர்ப்பாளர் வேண்டும்). இந்த இரண்டு வரி போதும், 110இல் மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்து மூவராகப் பேச வைப்பார்கள்.

அரசு வேண்டாம் என்று பிள்ளை அடம்பிடித்தால் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. போண்ட் புரொஜெக்ட், கொலாபோ இரண்டும் வீட்டை விட்டு வந்த இளம்பெண்களுக்கானவை. லைட்ஹவுஸ் ஆள்கடத்தலுக்கும் பாலியல் சுரண்டலுக்கும் ஆளானவர்களுக்கு உதவுவது. பப்ஸ், படம் வெளியாகிவிட்டது என்று பதறுபவர்களுக்கு நீக்கக் கோரிக்கை வைக்க உதவும். கபுகிச்சோவிலேயே தோக்கியோ மாநகர அரசு 2024இல் 'கிமிமாமோ' என்ற பெயரில் இளையோர் வந்து உட்காரவும் பேசவும் ஓர் இடம் திறந்திருக்கிறது.

6. நடந்துவிட்டது என்று தெரிந்த முதல் ஒரு மணி நேரம்

கத்தாதீர்கள். நம் வீடுகளில் இதுதான் ரொம்பக் கஷ்டம், தெரியும். "ஏன் அனுப்பினாய், ஏன் போனாய்" என்ற கேள்விகளை முழுங்கிவிட்டு, "சொன்னது நல்லது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். நடந்ததை முதல் தடவையிலேயே துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிராமல், பயிற்சி பெற்றவர் ஒரே தடவையில் கேட்டுப் பதிவு செய்யும் முறை இங்கே இருக்கிறது. வீட்டில் பத்துத் தடவை கேட்டால் பின்னால் அந்தச் சாட்சியமே குழம்பிப்போகும். யார், எங்கே, எப்போது என்ற அளவில் தெரிந்தால் போதும்.

உடல்ரீதியாக ஏதாவது நடந்திருந்தால் குளிக்க வைக்காதீர்கள், போட்டிருந்த உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், உடனே #8891. அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதனால் 'திங்கட்கிழமை பார்ப்போம்' என்பது வேண்டாம்.

கைப்பேசியில் நடந்தது என்றால், உரையாடலை அழிக்காதீர்கள், அந்த ஆளை உடனே பிளாக் பண்ணாதீர்கள். முகப்புப் பக்கம், ஐ.டி., இணைப்பு முகவரி, தேதி நேரம் எல்லாம் தெரியும்படி இன்னொரு கைப்பேசியில் படமெடுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் நகல் எடுக்காதீர்கள், மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் 'ஆதாரம்' என்று அனுப்பாதீர்கள். அது இன்னொரு தடவை பரப்புவதுதான், சட்டச் சிக்கலும் வரும். போலீஸ் கைப்பேசியையே பார்த்துக்கொள்ளும். பணம் கேட்டு மிரட்டினால் ஒரு யென்கூடக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் தொகை ஏறும். படம் பரவுமோ என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றாமல் அதன் எண்முத்திரையை (படத்தின் டிஜிட்டல் கைரேகை மாதிரி) மட்டும் எடுத்து, சேர்ந்திருக்கும் தளங்களில் தடுக்கும். எல்லாத் தளமும் அதில் இல்லை, ஆனாலும் செய்துவையுங்கள்.

நீங்களே பிள்ளை மாதிரி அந்த ஆளிடம் பேசிப் பொறிவைத்துப் பிடிக்கப் போகாதீர்கள். பதற்றத்தில் நிறைய அப்பாக்களுக்கு இந்த யோசனை வரும். ஆள் சுதாரித்துக் கணக்கை மூடிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது.

7. அப்புறம் என்ன நடக்கும்

காவல் நிலையத்தில் 'ஹிகாய் தோதொகே' என்ற பாதிப்புப் புகார் எழுத வேண்டும். பிள்ளை பெண்ணாக இருந்தால் பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். அன்றே எழுதி முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் இல்லை. 2023இல் இந்த வகைக் குற்றங்களுக்கான காலவரம்பை ஐந்து ஆண்டு நீட்டியதோடு, பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் 18 ஆகும்வரை உள்ள காலத்தையும் கூட்டியிருக்கிறார்கள்.

189க்கு அழைத்தால் வருவது சிறார் ஆலோசனை மையம், இங்கே ஜிதோ சோதான்ஜோ, சுருக்கமாக ஜிசோ. நிஷி-கசாய் இருக்கும் எதோகாவா வட்டத்துக்கு 2020இல் சொந்தமாகவே ஒன்று வந்துவிட்டது. 'ஜிசோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்' என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய. ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றினால் தற்காலிகப் பாதுகாப்பில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. வெளியாள் செய்த குற்றத்தில் பெற்றோர் பிள்ளையின் பக்கம் உறுதியாக நின்றால், அவர்கள் பேசுவது ஆலோசகர், பள்ளி, மருத்துவர் பற்றித்தான். சந்திப்புக்குப் போகும்போது பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வங்கி, மருத்துவமனை என்று எல்லாவற்றுக்கும் பிள்ளையின் ஜப்பானியத்தை நம்பியே பழகிவிட்டோம், ஆனால் தனக்கு நடந்ததைத் தானே அப்பாவுக்கு மொழிபெயர்ப்பதென்றால் எந்தப் பிள்ளையாலும் முடியாது.

விசா போய்விடுமா என்ற கேள்வி எல்லாருக்கும் வரும், குற்றவாளியும் அதைச் சொல்லித்தான் மிரட்டியிருப்பான். பிள்ளை குற்றத்துக்கு ஆளானது என்பதற்காகக் குடும்பத்தின் விசாவைப் பறிப்பதில்லை. அனுமதியில்லாத வேலை மாதிரி வேறு சிக்கல் இருந்தால் போலீசுக்குப் போகும் முன் வக்கீலிடம் பேசுங்கள், ஹோதெராசு என்ற சட்ட உதவி மையம் ஆங்கிலத்திலும் பேசும்.

ஆசிரியரோ பயிற்சியாளரோ செய்தது என்றால் பள்ளிக்குள்ளேயே முடித்துக்கொள்ளச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் பழைய பாலியல் குற்றங்களைச் சரிபார்க்கும் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது, 2026 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. டியூஷன் மையம், நீச்சல் வகுப்பு போன்ற தனியார் இடங்கள் விரும்பினால்தான் சேரும். சேர்க்கும்போது 'நீங்கள் இதில் சேருகிறீர்களா' என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

8. வாங்குகிறவன் நம் ஆளாக இருந்தால்

இதை எழுதாமல் விட்டால் கட்டுரை பாதிதான். ப்ராஜெக்ட்டுக்காக ஒரு வருஷம், இரண்டு வருஷம் தனியாக வந்திருக்கும் ஆண்கள் மத்தியில் 'இங்கே எல்லாம் ஓப்பன்' என்ற பேச்சு உண்டு. கடைக்காரன் 18 ஆயிற்று என்றான், அந்தப் பெண்ணே சொன்னாள் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் சுலபமாக நிற்கும் சாக்கு இல்லை. வாட்சாப் குழுவில் யாரோ தள்ளிவிட்ட சிறார் படம் கைப்பேசியில் கிடந்தாலும் சந்தேகம் உங்கள் பக்கம்தான் திரும்பும். உடனே அழித்துவிட்டு அந்தக் குழுவை விட்டு வெளியேறுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், தளத்திலேயே புகார் கொடுங்கள். இணையத்தில் பொதுவாகக் கிடக்கும் சிறார் படங்களைப் பற்றிச் சொல்ல, 2006இலிருந்து இயங்கும் இன்டர்நெட் ஹாட்லைன் மையத்தில் பெயர் சொல்லாமலே இணைப்பு முகவரியைக் கொடுக்கலாம். நிறுத்திவைக்கப்படாத தண்டனையாக ஓராண்டுக்கு மேல் சிறை என்றால் நாடுகடத்தல் வரை போகும், இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கு இந்தியச் சட்டமும் பொருந்தும், ஊரில் போக்ஸோவில் எல்லை 18.

சக ஊழியர், அறை நண்பர், சங்க விழாவில் பார்த்துப் பழகியவர் என்று யாராவது இப்படிச் செய்கிறார் என்று தெரிந்தால், 'பாவம், குடும்பம் ஊரில் இருக்கிறது' என்று மூடி மறைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. #9110க்கு அழையுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இருப்பது ஜப்பானியப் பிள்ளையா, நேபாளப் பிள்ளையா, நம் பிள்ளையா என்று அவர்களும் கேட்கப்போவதில்லை. எங்கே, எந்த நேரம், எந்தக் கணக்கு என்றுதான் கேட்பார்கள், அதைக் குறித்துவைத்துக்கொண்டு அழையுங்கள்.